முழுசாகத் தேய்ந்துபோன சாவி

எங்கள் வீட்டில் பொருளைத் தொலைக்கும் உரிமை ஒருவருக்குத்தான் உண்டு, அது நான் இல்லை என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். சொன்னதோடு நில்லாமல் நம்பவும் செய்தேன். காரணம் என் உத்தியோகம்.

பஸ் கம்பெனியில் தொலைந்த பொருள் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒரு தடவை ஒரு முழுப் பல்செட், எல்லாம் என் அலமாரியில் வந்து உட்காரும். பின்னாலேயே தொலைத்தவர்கள் வருவார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி நிற்பார்கள்.

“என்ன தொலைஞ்சது?”

“குடை.”

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“எல்லாக் குடையும் கறுப்புதான். அடையாளம் சொல்லுங்க.”

“கைப்பிடி வளைஞ்சிருக்கும்.”

“நேரா இருந்தா அதுக்குத் தடின்னு பேரு. வேற ஏதாவது சொல்லுங்க.”

தலை குனிவார்கள். எனக்குச் சம்பளம் குறைவு. அந்தத் தலைகுனிவைத்தான் பஞ்சப்படியாக எடுத்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

கவுன்ட்டருக்கு மேலே ஒரு போர்டு உண்டு. வாசகம் என்னுடையது. ‘தொலைத்தவர் நேரில் வந்து கேட்டால் மட்டும் பொருள் தரப்படும். வெள்ளிக்கிழமைக்குள் கேட்டு வராத பொருள் கண்டெடுத்தவருக்கே சொந்தம்.’ அலமாரியில் இடமில்லை என்பது கம்பெனிக்குச் சொன்ன காரணம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவனுக்குப் பொருள் எதற்கு என்பது என் சொந்தத் தத்துவம்.

இந்தத் தத்துவத்தோடு போய் ஒரு கார் வாங்கினேன்.

பழைய கார். ஒருவர் ஓட்டிய கார் என்று விற்றார்கள். பலர் ஓட்டிக் களைத்த கார் என்பதை அது இருமிய விதத்திலேயே தெரிந்துகொண்டேன். கடைசியாக வைத்திருந்தவர் பல் டாக்டர். ஒரே ஒரு சாவி கொடுத்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டேன். “அது போன வருஷமே விழுந்துடுச்சு” என்றார், கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சொல்வதுபோல.

கறுப்புப் பிளாஸ்டிக் தலை வைத்த சாவி. தலையில் ஒரு விரிசல். விரிசலுக்கு நான் ஒரு ரப்பர் பேண்ட் சுற்றினேன். என் மனைவி பச்சைத் துணியில் ஒரு பட்டை தைத்து அதில் கோத்துக் கொடுத்தாள். அவள் ஜன்னல் திரை தைக்கிறவள். எங்கள் தெருவில் எந்த வீட்டின் மானமும் அவள் கைபடாமல் மறைவதில்லை.

“ஒரே சாவியா?” என்றாள் முதல் நாளே. “நாளைக்கே இன்னொண்ணு செஞ்சு வெச்சுடுங்க.”

“எதுக்கு?”

“தொலைஞ்சா?”

“தொலைக்கிறவங்களுக்குத்தான் ரெண்டு சாவி வேணும். எனக்கு ஒண்ணு போதும்.”

இது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் முதல் பரீட்சையிலேயே வாங்கிவிட்டாள். எனக்கு மூன்றாவது பரீட்சையில் கிடைத்தது. நாலாவது தடவை என் பக்கத்தில் உட்காரப் பரிசோதகருக்குத் தைரியம் இல்லை என்று கேள்வி. இரண்டாவது சாவி வந்தால் இரண்டாவது டிரைவர் வருவார். அந்த டிரைவர் முதல் டிரைவரைவிட நன்றாக ஓட்டிவிட்டால், முதல் டிரைவர் எங்கே போய் உட்காருவது?

அவள் விடவில்லை. மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை கேட்பாள். ஒருநாள் எதிர்வீட்டு டீச்சர் திரைக்குத் துணி கொடுக்க வந்திருந்தபோதும் கேட்டாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. ஆயுசு முழுக்க வருகைப் பதிவு எடுத்தவர். அவர் முன்னால் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து நின்றேன்.

“டீச்சர், நீங்களே சாட்சி. இந்தச் சாவியை நான் தொலைக்கிற அன்னைக்கு ஸ்டீரிங் இவளுக்கு. நான் பக்கத்து சீட்ல வாயைத் திறக்காம உட்கார்ந்து வரேன்.”

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். “வாயைத் திறக்காமலா?”

“திறக்காம.”

“டீச்சர், கடைசியா சொன்னதைக் கேட்டீங்கல்ல?”

“கேட்டுக்கிட்டேன்” என்றார் டீச்சர்.

செவ்வாய்க்கிழமை சாவியைக் காணவில்லை.

தொலைந்த பொருளைத் தேடும்போதுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிகிறது; தேடுகிறவன் எவ்வளவு சின்னவன் என்றும். சட்டைப் பையெல்லாம் கவிழ்த்தேன். அலமாரியை நகர்த்தினேன். கட்டிலுக்கு அடியில் எப்போதோ காணாமல் போன என் சீப்பு கிடந்தது. அதை எடுத்துத் துடைத்து ஒரு நிமிடம் பார்த்தேன். வழுக்கையைத் தடவிப் பார்த்து, அது இனி எனக்கு எதற்கு என்று புரிந்ததும் திரும்ப உள்ளே தள்ளிவிட்டேன்.

“என்னங்க தேடறீங்க?”

“மூக்குக் கண்ணாடி.”

“மூக்குல இருக்கே.”

“ஆமா. கிடைச்சுடுச்சு.”

“உங்க மூக்கு எப்பலேருந்து சோபாவுக்கு அடியில இருக்கு?”

‘சாவியைப் பார்த்தியா’ என்ற இரண்டே வார்த்தை. நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கேட்டால் ஸ்டீரிங் போச்சு. விழுங்கினேன். மாத்திரை விழுங்குவது இதைவிடச் சுலபம்.

இதில் இன்னொரு சிக்கல். ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனர் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தோம். மனைவிக்கு அண்ணன், எனக்கு வினை. என் காரைத் தள்ளுவண்டி என்று அழைப்பவர். அவர் வாசலில் நானே ஓட்டிக்கொண்டுபோய் ஹாரன் அடித்து இறங்குவது என்று மாதக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓடுகிற சாவி ஒன்று வேண்டும். இல்லையென்றால் பக்கத்து சீட்டில் ஊமையாகப் போய் இறங்க வேண்டும்.

புதன்கிழமை காலை செருப்பை மாட்டினேன்.

“காரை எடுக்கலையா?” என்றாள்.

“நடந்து போறேன். நடந்தா இதயத்துக்கு நல்லதாம். டாக்டர் சொன்னார்.”

“எந்த டாக்டர்?”

“பஸ்ல பக்கத்துல உட்கார்ந்திருந்தார்.”

“பஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நடக்கச் சொன்னாரா? நல்ல டாக்டர். சாயங்காலம் வந்ததும் ஒரு வேலை. தையல் மெஷின் ரிப்பேர் முடிஞ்சு கடையில இருக்கு. கார்ல போய் எடுத்துட்டு வந்துடுங்க.”

“நாளைக்கு எடுக்கலாமே.”

“நாளைக்கா? ஞாயித்துக்கிழமைக்குள்ள அண்ணிக்குத் திரை தைச்சு முடிக்கணும். காருக்கு ஏதாவது ஆச்சா?”

“காருக்கு என்ன? ராஜா மாதிரி நிக்குது.”

சாயங்காலம் மெஷினை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கடையிலிருந்து நடந்தேன். இரும்பு. பிறந்த குழந்தையைத் தூக்கிவருவதுபோல் வந்தேன். குழந்தைக்குப் பல் மட்டும் முளைத்திருந்தது, ஊசி அடிக்கடி என் விலாவில் குத்தியது. வாசலில் என் கார் ராஜா மாதிரி நின்றது. ராஜாவைத் தாண்டி, மூட்டை தூக்குகிறவன் மாதிரி உள்ளே போனேன்.

“கார் இருக்கும்போது ஏங்க தூக்கிட்டு வந்தீங்க?”

“கார் குலுங்கும். ஊசி வளைஞ்சுடும்.”

“இப்ப நீங்கதான் வளைஞ்சிருக்கீங்க” என்றாள். வெந்நீர் ஒத்தடமும் கொடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்க்கத் திரும்ப முடியவில்லை. கழுத்து பிடித்திருந்தது.

வியாழக்கிழமை அவள் துணி வாங்கப் போன நேரத்தில், நடைபாதையில் குடை விரித்து உட்காரும் சாவிக்காரரைக் கூட்டிவந்தேன். பல் வெட்டாத சாவி ஒன்றைக் கதவுப் பூட்டில் விட்டு அசைத்தார். எடுத்துப் பார்த்தார். அரத்தால் தேய்த்தார். மறுபடி விட்டார். எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது.

“யாரு தம்பி, கதவை உடைக்கிறது?”

“நான்தான் டீச்சர். பூட்டுக்கு எண்ணெய் போடறோம்.”

“எண்ணெய் போட அரம் எதுக்கு?”

“கெட்டி எண்ணெய் டீச்சர்.”

திரை மூடியது. முழுக்க அல்ல.

கதவு திறந்தது. என் காரில் நானே ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சந்தோஷம் சாவியைத் திருப்பும்வரை இருந்தது. இன்ஜின் ஒரு தடவை உறுமி அடங்கிவிட்டது. முன்பலகையில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது. மறுபடி திருப்பினேன். மறுபடி சிமிட்டியது.

“கதவு உங்களை நம்புது சார்” என்றார் சாவிக்காரர். “இன்ஜின் நம்பல.”

“என் கார்ங்க.”

“அது எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியணுமே. பழைய சாவியோட தலைக்குள்ள ஒரு சிப் இருந்திருக்கும். அது உள்ளே போய் ‘நான்தான்’னு சொன்னாத்தான் வண்டி ஓடும். நான் செஞ்ச சாவி ஊமை.”

“பேச வைக்க முடியாதா?”

“அதுக்கு லேப்டாப்போட வர ஆள் இருக்கார். சாவி டாக்டர்னு சொல்வாங்க. அவர் இங்கேயே வந்து பார்ப்பார்.”

வீட்டுக்குள் மனைவியும் என்னை நம்பவில்லை, வெளியே காரும் நம்பவில்லை. ஊமைச் சாவியைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

வெள்ளிக்கிழமை குளியலறையிலிருந்து குரல் வந்தது. “துவைக்கப் போறேன். பேன்ட் பாக்கெட்ல ஏதாவது இருக்கா?”

“ஒண்ணுமில்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்ல.”

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. பிற்பாடு போய்க் கொடியில் தொங்கிய பேன்ட்டைத் தடவினேன். ஊமைச் சாவி இல்லை. ஓடாத சாவி தொலைந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். ஒரே வாரத்தில் இரண்டு சாவி. கவுன்ட்டருக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் வரிசையாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவதுபோல் இருந்தது.

சனிக்கிழமை எனக்கு அரை நாள். சாவி டாக்டரை மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தேன். மனைவியை எப்படி வெளியே அனுப்புவது என்று நான் தவித்துக்கொண்டிருக்கையில், அவளே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

“ஜன்னல் அளவு எடுக்கணும். சாயங்காலம் ஆகும்.”

“மெதுவா வா. அவசரமே இல்லை.”

எந்த வீட்டு ஜன்னல் என்று நான் கேட்கவில்லை. கேட்பது என் பழக்கமில்லை என்பதை நீங்களே இந்நேரம் கவனித்திருப்பீர்கள்.

சாவி டாக்டர் வேனில் வந்து இறங்கினார். பருத்த மனிதர். கூட்டத்தில் மைக் இல்லாமல் பேசக்கூடிய குரல்.

“பழைய சாவியைக் குடுங்க சார்.”

“அது தேய்ஞ்சு போச்சு.”

“தேய்ஞ்சாப் பரவாயில்ல. உள்ளே சிப் இருந்தாப் போதும். குடுங்க.”

“முழுசாத் தேய்ஞ்சு போச்சு.”

“முழுசான்னா?”

“கையில ஒண்ணும் மிச்சமில்ல.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “அதுக்குத் தொலைஞ்சு போச்சுன்னு பேரு சார்.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.”

“மெதுவா வராது. மோட்டார் சத்தத்துக்கு நடுவுலயே வாழ்ந்துட்டேன்.” தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

மெல்லிய கம்பியால் கதவைத் திறந்தார். பூட்டைப் பார்த்து வேனுக்குள் புதுச் சாவி ஒன்றை வெட்டி எடுத்துவந்தார். ஸ்டீரிங்குக்குக் கீழே லேப்டாப்பின் ஒயரைச் செருகினார். பிறகு விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு, நோயாளியின் உறவினரிடம் பேசுவதுபோல் என் பக்கம் திரும்பினார்.

“இப்ப நல்லாக் கேட்டுக்கோங்க. புதுச் சாவியைச் சொல்லிக்குடுக்கணும்னா, வண்டி முதல்ல பழசை எல்லாம் மறக்கணும். இதை அமுக்கினா இதுவரைக்கும் இருந்த சாவி அத்தனையும் செத்துடும். அதனால வீட்டுல இருக்கற எல்லாச் சாவியையும் இப்பவே என்கிட்ட காட்டணும். எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிக்குடுத்துடுவேன். நாளைக்கு மாவு டப்பாவுல கிடைச்சுதுன்னு கொண்டுவந்தா அது வெறும் இரும்பு. இருக்கா வேற சாவி?”

“இல்லை.”

“நிச்சயமா?”

“நிச்சயமா. அமுக்குங்க.”

அமுக்கச் சொன்ன பிறகுதான் பழைய சாவி ஞாபகம் வந்தது. ரப்பர் பேண்ட் சுற்றிய அந்தப் பழைய தலை எங்கோ ஓர் இருட்டில் கிடக்கிறது. இன்னமும் ‘நான்தான்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த கணம் அது யாரோ ஆகிவிடும்.

“ஒரு நிமிஷம்.”

குரல் எதிர்வீட்டிலிருந்து வந்தது. திரை முழுக்க விலகியிருந்தது. அவள் தைத்த திரை. கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் அளவு நாடாவோடு, சாலையின் இரண்டு பக்கமும் நிதானமாகப் பார்த்துவிட்டு, என் மனைவி நடந்து வந்தாள். பின்னால் டீச்சர்.

“நீ ஜன்னல் அளவு எடுக்கப் போகலையா?”

“அங்கதான் எடுத்துக்கிட்டிருந்தேன். டீச்சர் வீட்டு ஜன்னல்லேருந்து எல்லாம் நல்லாத் தெரியுது.”

உள்ளங்கையைத் திறந்தாள். பச்சைப் பட்டை. ரப்பர் பேண்ட். என் சாவி. கையை நீட்டினேன். உள்ளங்கை மூடிக்கொண்டது.

“என்ன தொலைஞ்சது?” என்றாள்.

சாவி டாக்டர் விரலைப் பட்டனிலிருந்து எடுத்துவிட்டு, சீட்டில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“விளையாடாதே.”

“என்ன தொலைஞ்சதுன்னு கேட்டேன்.”

“சாவி.”

“என்ன நிறம்?”

“கறுப்பு.”

“எல்லாக் கார் சாவியும் கறுப்புதான். அடையாளம் சொல்லுங்க.”

“தலையில விரிசல். ரப்பர் பேண்ட். பச்சைப் பட்டை, நீ தைச்சது.”

“யார் தொலைச்சது?”

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது தெருமுனை திரும்பும்வரை காத்திருந்தேன்.

“நான்தான்.”

“டீச்சர்?”

“கேட்டுக்கிட்டேன்” என்றார் டீச்சர்.

“எங்கே இருந்தது?” என்றேன்.

“டிக்கிப் பூட்டுல தொங்கிக்கிட்டு இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில. போற வர்றவங்க யாராவது காரையே ஓட்டிக்கிட்டுப் போயிருக்கலாம். நான் எடுத்து வெச்சேன்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. மெஷினைத் தூக்கிட்டு வந்தேனே.”

“நீங்க கேக்கலையே. ‘சாவியைப் பார்த்தியா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் வாயெடுத்துக் கேட்பீங்க, கேட்பீங்கன்னு பார்த்தேன். உங்க போர்டுல என்ன போட்டிருக்கு? தொலைத்தவர் நேரில் வந்து கேட்டால் மட்டும் தரப்படும்.”

“இப்ப கேக்கறேன். குடு.”

“இன்னைக்கு சனிக்கிழமை” என்றாள்.

போர்டு எழுதியவனுக்கு மேல்முறையீடு கிடையாது. சாவி டாக்டர் அவளிடமிருந்து பழைய சாவியை வாங்கினார். பட்டனை அமுக்கினார். முதலில் பழசு, பிறகு புதுசு. இரண்டு தடவையும் இன்ஜின் ஒரே திருப்பில் எழுந்தது. சிவப்பு விளக்கு அணைந்தது. வாரம் முழுக்க என்னை நம்பாத கார், அவள் கொடுத்த சாவியைத் திருப்பியதும் பூனை மாதிரி முனகியது.

“யார்கிட்ட குடுக்கறது?” என்றார் சாவி டாக்டர். கேள்வி பொதுவாக இருந்தது. கை அவள் பக்கம் நீண்டிருந்தது.

பழைய சாவி அவள் பைக்குள் போயிற்று. புதுசு? “டீச்சர் வீட்டுல இருக்கட்டும்” என்றாள். “தொலையாத இடம்.”

ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் கைப்பையும் அண்ணிக்குத் தைத்த திரையுமாக வாசலுக்கு வந்தாள். நான் பழக்கதோஷத்தில் டிரைவர் கதவருகே போய் நின்றேன். எதிர்வீட்டுத் திரை அசைந்தது. மறுபக்கம் போய் நின்றேன். இரண்டாவது கியரைப் பற்றி அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது. திரை இன்னும் கொஞ்சம் விலகியது. வாயை மூடிக்கொண்டேன். ஆனாலும் ஒரு மனுஷனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதே. அவள் அருகே போய்த் தாழ்ந்த குரலில், திரைக்குக் கேட்காதபடி கேட்டேன்.

“சொந்தக் கார் வெச்சிருக்கற ஆம்பளைக்கு ஒரு சாவிகூடக் கிடையாதா?”

இந்த வாரத்தில் முதல் தடவையாக நானாக வாய்விட்டுக் கேட்டது அது. அவள் முகம் இளகியது. கைப்பைக்குள் துழாவினாள். பளபளவென்று ஒரு சாவியை எடுத்தாள். புதிதாகப் பச்சைப் பட்டைகூடத் தைத்திருந்தாள். என் கையை இழுத்து அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

“உங்க பேன்ட்ல கிடைச்சதுங்க. இன்ஜின் எடுக்காது, கதவு மட்டும்தான் திறக்கும். நீங்க ஏறி உட்கார அது போதும்.”